தோட்டமும் தோழமையும்: நரம்பு வளர்ச்சி வேறுபாடுள்ள குழந்தைகளுக்கான இயற்கைவழிக் குழுப் பணிகள்

(உரை வடிவம்)

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேலை ஒதுக்கீடு, உதவித்தொகை, சாய்தளம், சான்றிதழ் ஆகியவற்றையே எடுத்துக்கொள்வர். அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவைப் புரட்டிப் பார்ப்போர் சிலரே. மாற்றுத்திறனாளிகள் பிறரோடு சமமாகப் பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ள அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் ஆவன செய்ய வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். அதோடு நில்லாமல் சாரணர் இயக்கம், நடனம், ஓவிய வகுப்பு, திறந்தவெளி முகாம், சாகசச் செயல்கள் என்று பெயர் சுட்டியும் கூறுகிறது. சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் தன் வகுப்புத் தோழர்களோடு வனப்பூங்காவுக்குச் சென்று வருவது பள்ளி காட்டும் பரிவு அன்று; நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை.

நடைமுறை வேறாக இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு முதல் நாள் மாலை இத்தகைய குழந்தைகளின் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வருவது உண்டு. ‘கூட்டம் அதிகமாக இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் போதாது, நாளை ஒரு நாள் வீட்டில் இருக்கட்டுமே’ என்று நயமாகச் சொல்லப்படும். பெற்றோரும் வாதிடுவதில்லை. பள்ளியில் இடம் கிடைத்ததே பெரிது என்று எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். மறுநாள் வகுப்பே பேருந்தில் ஏறிப் போகும். அந்தக் குழந்தை மட்டும் சன்னலருகே நிற்கும். பள்ளியின் ஆண்டறிக்கையிலோ ‘மாணவர் அனைவரும் கலந்துகொண்டனர்’ என்று எழுதப்படும்.

இந்த இடைவெளியை எவ்வாறு குறைப்பது, அதற்குப் புதிய நிதி எவ்வளவு தேவை, ஏற்கெனவே உள்ள அமைப்புகளே போதுமா என்பவை அலுவலர்களும், நாளை அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் வரவிருக்கும் மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்விகள்.

யார் இக்குழந்தைகள்?

மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் முறையிலேயே பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபட்டுள்ள குழந்தைகளையே ‘நரம்பு வளர்ச்சி வேறுபாடுள்ளோர்’ என்னும் சொற்றொடர் குறிக்கிறது. ஆட்டிசம், கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த நிலை, டிஸ்லெக்சியா முதலிய கற்றல் வேறுபாடுகள், அறிவுசார் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதில் அடங்கும். ஒருவரைப் போல் மற்றொருவர் இரார். ஒரு குழந்தை ஓயாது பேசும். மற்றொன்று ஒரு சொல்லும் பேசாது. ஒன்று ஈரமண்ணைக் கண்டால் கையை இழுத்துக்கொள்ளும். மற்றொன்று அதே மண்ணில் மணிக்கணக்காகக் கைகளைப் புதைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும்.

இந்நாட்டுச் சட்டங்கள் இவர்களை அடையாளம் காணவே நெடுங்காலம் ஆயிற்று. 1995-ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது; ஆட்டிசம் அப்பட்டியலில் இல்லை. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் கூறி ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்தபோது ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள நிலை அந்தப் பட்டியலில் தனிப்பெயராக இன்றும் இல்லை. ஒரு பூங்கா நிகழ்ச்சிக்குச் சான்றிதழ் உள்ளவர்களையே சேர்ப்பது என்று ஓர் அலுவலர் விதி வகுத்தால், மிகுந்த பயன் பெறக்கூடிய ஒரு பிரிவினர் வாயிலிலேயே நின்றுவிடுவர் என்பதற்காகவே இது இங்கு எடுத்துக் கூறப்படுகிறது.

எண்ணிக்கையும் சிறிதன்று. ஹரியானாவின் பல்வல், இமாசலப் பிரதேசத்தின் காங்ரா, ஒடிசாவின் டேங்கனால், வட கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறத்தாழ 4,000 குழந்தைகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2018-இல் வெளியாயிற்று. செவிக்குறை, பார்வைக்குறை, வலிப்பு ஆகியவற்றையும் உள்ளிட்ட 9 நிலைகளில் ஏதேனும் ஒன்று, 6 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் இடத்துக்கு இடம் 6.5 முதல் 18.5 சதவீதம் வரை காணப்பட்டது. அதாவது நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் இரண்டு மூன்று குழந்தைகளேனும் இத்தகையோராக இருப்பதற்கு வாய்ப்புண்டு. அவர்களுள் பலர் ‘குறும்பன்’ என்றும் ‘மந்தம்’ என்றும் பெயர் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள்.

திறந்தவெளி என்ன செய்கிறது?

வகுப்பறை என்பது நரம்பு வளர்ச்சி வேறுபாடுள்ள குழந்தைக்கு எளிய இடம் அன்று. மின்விசிறியின் ஓசை, பெஞ்சு இழுபடும் ஒலி, நாற்பது பேரின் பேச்சு, சுவரெங்கும் ஒட்டிய படங்கள், பக்கத்தில் அமர்ந்தவரின் முழங்கை ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் வந்து மோதும். மற்றக் குழந்தைகளின் மனம் இவற்றில் வேண்டாதவற்றைத் தானே தள்ளிவிடும். இக்குழந்தைகளில் பலருக்கு அது கைகூடுவதில்லை. அதன்மேல், முகம் பார்த்துப் பேசு, அசையாமல் உட்கார், உடனே பதில் சொல் என்ற கட்டளைகளும் சேர்கின்றன.

தோட்டத்திலும் ஓசை உண்டு, வெளிச்சம் உண்டு, வாசனையும் உண்டு. ஆனால் அங்கு விலகி நிற்க இடம் இருக்கிறது. ஓடலாம், குந்தலாம், திரும்பி நிற்கலாம். யாரும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. இரு குழந்தைகள் ஒரு பாத்தியின் இரு கரைகளில் அமர்ந்து விதை ஊன்றும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருவர் கண்களும் ஒரே பாத்தியின்மேல் இருக்கின்றன. பூவாளி ஒன்றே இருந்தால் ஒருவர் ஊற்றும்வரை மற்றவர் காத்திருக்கிறார். ‘முறை வைத்துக்கொள்வது எப்படி’ என்று அறைக்குள் பட அட்டையை நீட்டிக் கற்பிக்கும் பாடம் இங்கு வேலையின் போக்கிலேயே நடந்துவிடுகிறது. பேசாத குழந்தையும் குழுவில் ஓர் உறுப்பினர் ஆகிறது; ஏனெனில் குழுவின் வேலை பேச்சைச் சார்ந்ததாக இல்லை.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா என்று அலுவலர்கள் கேட்பது நியாயமே. ஒன்றையே கூர்ந்து நோக்கும் கவனம் உழைக்க உழைக்கக் களைத்துப்போகும் என்றும், மரம், நீர், மேகம் போன்றவை அக்கவனத்துக்கு ஓய்வளித்து மீட்டுத் தருகின்றன என்றும் ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் 1989-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். இக்கருத்தை அடியொற்றி இல்லினாய்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான பிரான்சஸ் குவோ, ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லர் இருவரும் கவனக்குறைவு உள்ள குழந்தைகளை ஆராய்ந்தனர். 2004-இல் வெளியான அவர்களது ஆய்வில் ஏறத்தாழ 450 பெற்றோர், பள்ளி விட்டபின்னும் விடுமுறையிலும் தம் குழந்தைகள் ஈடுபடும் 49 செயல்களை மதிப்பிட்டனர். பசுமையான வெளியில் செய்தவற்றுக்குப் பின் குழந்தைகளின் நிலை மேம்பட்டிருந்ததாக அவர்கள் தெரிவித்தனர். 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 7 முதல் 12 வயது வரையுள்ள 17 குழந்தைகள், பூங்கா, நகரின் கடைவீதி, குடியிருப்புப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் வெவ்வேறு நாட்களில் 20 நிமிடம் நடந்தனர். நடையின் முடிவில் எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் சோதனை வைக்கப்பட்டது. பூங்காவில் நடந்த பிறகே அவர்கள் நன்றாகச் செய்தனர்.

ஆட்டிசம் பற்றிய ஆய்வுகளுள் அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான குதிரையேற்ற ஆய்வு குறிப்பிடத்தக்கது. 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 10 வாரம் குதிரை ஏறிப் பழகினர். மற்றப் பிரிவினர் அதே கொட்டிலில் குதிரைகளைப் பற்றிக் கற்றனர். உயிருள்ள குதிரையைத் தொடவில்லை. ஏறிப் பழகியவர்களிடம் எரிச்சலும் மிகை இயக்கமும் கூடுதலாகக் குறைந்தன. பழகும் திறனிலும் பேச்சிலும் முன்னேற்றம் காணப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு இவற்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 17 குழந்தைகளைக் கொண்ட சோதனை ஒரு தேசியக் கொள்கைக்குப் போதுமான அடித்தளம் ஆகாது. பெற்றோரின் மதிப்பீட்டில் அவர்களது விருப்பமும் கலந்திருக்கலாம். அமெரிக்கப் பூங்காவின் புல்வெளியில் கண்ட முடிவு, மே மாதத்து நாகபுரிக்கு அப்படியே பொருந்தாது. இயற்கைவழிப் பணி ஆட்டிசத்தைக் ‘குணப்படுத்தும்’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டியதில்லை. ஆட்டிசம் நீக்கப்பட வேண்டிய நோய் அன்று. அது ஒரு குழந்தை உலகை உணரும் முறை. பேச்சுப் பயிற்சிக்கும் சிறப்பாசிரியரின் துணைக்கும் தோட்டம் மாற்றாகாது. குழந்தை அமைதி பெறுகிறது, நன்றாக உறங்குகிறது, மற்றொரு குழந்தையின் பக்கத்தில் இருக்கப் பழகுகிறது என்றால் அதுவே போதிய பயன். மேலும், மற்றக் குழந்தைகள் பூங்காவுக்குப் போவதற்கு எவரும் ஆராய்ச்சி ஆதாரம் கேட்பதில்லை என்பதும் நினைவிருக்க வேண்டும்.

ஒரு தோட்ட வகுப்பு நடைபெறும் முறை

நடைமுறையை விளக்க, அரசுப் பள்ளி ஒன்றின் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரதமர் போஷண் திட்டத்தின் கீழ் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்கப் பள்ளிகள் ஊக்குவிக்கப்படுகின்றன. ஆதலின் பல பள்ளிகளில் நிலமும் பாத்தியும் ஏற்கெனவே உண்டு. குழு சிறியதாக இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அவர்களில் மூவரோ நால்வரோ நரம்பு வளர்ச்சி வேறுபாடுள்ளவர்கள். எஞ்சியோர் அதே தெருவிலிருந்து, அதே வகுப்பிலிருந்து வரும் மற்றக் குழந்தைகள். இக்குழந்தைகளை மட்டும் தனியே கூட்டிச் செல்வது நிருவாகத்துக்கு எளிது. ஆயினும் கலந்த குழுவே சிறந்தது. தனிக் குழு சில ஆண்டுகளில் தனி உலகமாகிவிடும். கலந்த குழுவில் பழகிய குழந்தை மறுநாள் வகுப்பறையிலும் ஒரு தெரிந்த முகத்தைக் காணும்.

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வழி. இதுவே முதல் விதி. அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலைதான் ஆட்டிசம் உள்ள குழந்தையை மிகவும் அலைக்கழிக்கிறது. எனவே அன்றைய நிகழ்ச்சி நான்கு பட அட்டைகளில் வரிசையாகத் தொங்கவிடப்படும்: செருப்பு மாட்டுதல், பாத்திக்கு நடத்தல், நீர் ஊற்றல், கை கழுவுதல். ஒவ்வொன்றும் முடிந்ததும் குழந்தையே அந்த அட்டையைத் திருப்பிவைக்கும். இது மிகச் சிறிய ஏற்பாடு. ஆனால் அட்டை இல்லாத நாளில் நடக்கும் அழுகையையும் அட்டை உள்ள நாளில் நிலவும் அமைதியையும் ஒருமுறை கண்ட ஆசிரியர் பிறகு அதை விடமாட்டார்.

விதையைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். காத்திருக்க இயலாத குழந்தைக்கு மாங்கொட்டையைக் கொடுத்துப் பயனில்லை. வெந்தயம் சில நாட்களில் முளை காட்டும். அடுத்த வாரம் வரும்போது பசுமையாக ஏதேனும் கண்ணில் படும். ஒரு மாதத்துக்குள் கீரை பறித்துச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுக்கலாம். தான் விதைத்தது எல்லோர் தட்டிலும் வந்து விழுவதைக் காணும் குழந்தைக்கு வேறு பரிசு தேவைப்படாது. அதே கவனம் விலக்க வேண்டிய செடிகளிலும் இருக்க வேண்டும். எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இக்குழந்தைகள் சிலரிடம் உண்டு. அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் ஆகாது. குன்றிமணியின் சிவப்பும் கருப்பும் குழந்தையின் கண்ணை உடனே இழுக்கும். அதன் நஞ்சோ கொடியது. பார்த்தீனியம் என்னும் களை தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். அதைப் பணி தொடங்குமுன் வேரோடு அகற்ற வேண்டும்.

ஈரமண்ணைத் தொட மறுக்கும் குழந்தையைத் தொடச் சொல்லி வற்புறுத்தலாகாது. அதற்கு ஒரு களைக்கொத்தோ கையுறையோ கொடுக்கலாம். விதைப் பொட்டலத்தைச் சுமக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். பக்கத்தில் நின்று பார்ப்பதும் பங்கேற்பே. மூன்று வாரம் தள்ளி நின்று பார்த்த குழந்தை நான்காம் வாரம் தானாகவே ஒரு விரலை மண்ணில் வைக்கக்கூடும், வைக்காமலும் போகலாம். இரண்டுக்கும் இடம் உண்டு. ஒரு மரத்தடியில் பாய் விரித்து, ‘யார் வேண்டுமானாலும் வந்து சும்மா இருக்கலாம்’ என்று ஓர் இடம் ஒதுக்கிவைப்பது நலம். அங்கு சென்ற குழந்தையை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. தானே திரும்பி வரும்வரை பொறுத்திருப்பதே ஆசிரியரின் வேலை. அதுவே கடினமான வேலையும்கூட.

முதல் சில வாரங்களுக்கு 20 நிமிடம் போதும். அழுகை வந்த பின் நிறுத்துவதைவிட, மகிழ்ச்சியாக இருக்கும்போதே முடித்துவிடுவது மேல்.

மரத்தடி வகுப்பு இந்நாட்டுக்குப் புதிதன்று. ரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கியபோதே குழந்தைகளை நான்கு சுவர்களுக்கு வெளியே அமர்த்தினார். மரம் நடுவதையே ஒரு விழாவாகவும் பின்னர் 1928-இல் ஆக்கினார். எல்லாக் குழந்தைகளுக்கும் நன்மை என்று அவர் கருதிய ஒன்று, சில குழந்தைகளுக்கு இன்றியமையாததாக இருப்பதில் வியப்பில்லை.

ஆர்வம் என்னும் வாயில்

தோட்டம் எல்லாக் குழந்தைகளையும் ஈர்க்கும் என்று கொள்ளலாகாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் ஏதேனும் ஒன்றில் ஆழ்ந்த ஈடுபாடு காணப்படும். இரயில் வண்டிகளின் எண்கள், மாவட்டங்களின் பட்டியல், மின்விசிறியின் சுழற்சி என்று அது எதுவாகவும் இருக்கலாம். வீட்டிலும் பள்ளியிலும் இதை ‘விட்டுத் தொலை’ என்று அடக்குவதே வழக்கம். பறவை நோக்கல் போன்ற பணி அந்த ஈடுபாட்டுக்கே மதிப்பளிக்கிறது. பட்டியலிடுவதில் விருப்பமுள்ள சிறுவன் ஒருவனிடம் படங்கள் கொண்ட அட்டையையும் பென்சிலையும் கொடுத்தால், குளத்தங்கரையில் எத்தனை கொக்கு, எத்தனை மைனா, எத்தனை மீன்கொத்தி என்று அவன் கோடு போட்டுக்கொண்டே வருவான். எண்ணிக்கையில் அவன் தவறமாட்டான் என்று தெரிந்ததும் மற்றக் குழந்தைகள் அவனிடம் வந்து கேட்பர். இதுவரை கேட்கப்படாதவனாக இருந்த அவன் இப்போது கேட்கப்படுபவன் ஆகிறான். நட்பு என்பது பல நேரங்களில் இத்தகைய சிறிய தேவையிலிருந்தே தொடங்குகிறது.

பறவைக் கணக்கெடுப்பு விளையாட்டு மட்டும் அன்று என்பதும் கருதத்தக்கது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடைபெறும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் இந்தியப் பார்வையாளர்கள் 2013 முதல் பங்கு கொள்கின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே அதில் சேரலாம். ஒரு குழந்தை போட்ட கோடுகள் அறிவியலின் கணக்கில் ஏறுகின்றன. பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் தட்டையான நெடும்பாதை உண்டு. ஆனால் அத்தனை தூரம் போகவேண்டிய தேவை இல்லை. ஊர்க் குளமும் கோயில் அரசமரமும் போதும். கூட்டமும் ஒலிபெருக்கியும் உள்ள விலங்குக்காட்சிச் சாலையைவிடக் காலை ஏழு மணிக்கு அமைதியாக உள்ள குளத்தங்கரையே இக்குழந்தைகளுக்கு ஏற்றது.

நாட்டின் பருவங்களையும் பார்த்தே திட்டமிட வேண்டும். தில்லியில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் காற்று மாசு கூடிய நாட்களில் வெளியே நிறுத்துவது தீங்கு. இராஜஸ்தானத்தின் கோடையில் காலை எட்டு மணிக்குமேல் இயலாது. கேரளத்தின் மழைக்காலத்திலோ, கூரையின்மேல் மழை விழும் ஓசையே சில குழந்தைகளுக்குத் தாங்கமுடியாததாகவும் வேறு சிலருக்குப் பேரின்பமாகவும் இருக்கும்.

பாதுகாப்பு என்ற காரணம்

குழந்தையை வீட்டில் விட்டுவிடக் கூறப்படும் காரணம் பெரும்பாலும் பாதுகாப்பே. அக்காரணத்தைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடையே நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 4 வயதுக்குப் பிறகு ஒருமுறையேனும் சொல்லாமல் ஓடிப்போக முயன்ற குழந்தைகள் 49 சதவீதம் என்று தெரியவந்தது. நீர்நிலைகள் இக்குழந்தைகள் பலரை ஈர்ப்பதால் அபாயம் இன்னும் மிகுதி. ஆட்டிசத்தோடு வலிப்பும் உள்ள குழந்தைகள் உண்டு. அவர்களைக் கரையிலும் உயரத்திலும் ஒரு கணமும் தனியே விடலாகாது.

ஆனால், அபாயம் உள்ளது என்பதற்கு மறுமொழி ஆயத்தம், விலக்கு அன்று. முன்கூட்டியே இடத்தைச் சென்று பார்த்து, கிணறு, குளம், சாலை ஆகியவை எங்குள்ளன என்று குறித்துவரலாம். எல்லையைச் சுண்ணாம்புக் கோட்டாலோ வண்ணக் கயிற்றாலோ கண்ணுக்குத் தெரியும்படி காட்டலாம். வாயிலில் நிற்பதற்கென்றே ஒருவரை அமர்த்தி, அவருக்கு வேறு எந்த வேலையும் தராமல் இருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ணலாம். பெற்றோரின் தொலைபேசி எண்ணைச் சட்டையின் உட்புறம் தைத்துவிடலாம். ஊதலை மட்டும் தவிர்க்க வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதே ஊதலொலி, காது நுட்பமான ஒரு குழந்தையை ஓடவைத்துவிடும்.

பூங்காக் காவலாளியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். திட்ட அறிக்கைகளில் அவர் பெயர் வருவதே இல்லை. ஆனால், கைகளை அசைத்துக்கொண்டு வட்டமாக ஓடும் சிறுவனைப் பார்த்து அவர் அதட்டிவிட்டால் ஆறுவார உழைப்பு அன்றே வீணாகும். தொடக்க நாளிலேயே அவரையும் அமர்த்தி, இவர்கள் யார், ஏன் இப்படி அசைகிறார்கள், என்ன செய்யக்கூடாது என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டால் குழந்தைகளின் பெயர்களை முதலில் கற்றுக்கொள்பவர் அவராகவே இருப்பார்.

கிராமங்களின் நிலை தனியானது. அங்கு வயலும் தோப்பும் வீட்டு வாசலிலேயே உள்ளன. பூங்கா அமைக்க வேண்டியதில்லை. இத்தகைய ஒரு சிறுவன் ஆடுகளோடு சென்று மாலையில் அவற்றோடு திரும்பி வருவதையும், ஒவ்வோர் ஆட்டையும் அவன் தனித்தனியே அறிந்திருப்பதையும் காணலாம். இதை வைத்துக் கிராமத்தில் குறையில்லை என்று மகிழ்ந்துவிடக்கூடாது. பெற்றோர் இருவரும் கூலிக்குச் சென்றபின் பார்த்துக்கொள்ள ஆளின்றி அறையில் பூட்டப்படும் குழந்தைகளும் அதே கிராமங்களில்தான் உள்ளனர். அவர்களுக்கு இல்லாதது மரம் அன்று. மரத்தடிக்கு அழைத்துச் செல்லும் துணை. அங்கன்வாடி ஊழியருக்கு இதில் பங்குண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வதற்கான வழிமுறைகளை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. வெளிவிளையாட்டு நேரத்தில் இக்குழந்தைகளையும் உடனழைப்பது அதன் நோக்கத்துக்கு முற்றும் இசைந்ததே.

யார் செய்வது?

புதிய துறையோ புதிய கட்டடமோ இதற்கு வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்துள்ளன. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைக் கண்டறிவது அவற்றின் பணி. 2018 முதல் நடைபெறும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் உள்ளன. நகரங்களில் காடுகளை உருவாக்க நகர் வனத் திட்டம் 2020-இல் தொடங்கியது. அதே ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வகுப்பு வரை பயிலும் காலத்தில் மாணவர்களுக்கு 10 நாட்கள் புத்தகப் பை இல்லாத நாட்களாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழந்தையை அறிந்தவர் சுகாதாரத் துறையில், ஆசிரியர் கல்வித் துறையில், மரம் வனத்துறையில், பூங்காவின் சாவி நகராட்சியில். இந்நால்வரும் ஒரு மேசையில் அமர்வது அரிதாக இருப்பதே குறை.

மாவட்ட ஆட்சியர் ஒருவர் இதற்கெனச் செய்யக்கூடியது மிகச் சிறிது: நகராட்சிப் பூங்கா ஒன்றில் வாரத்தில் ஒரு காலை, பொதுமக்கள் வருமுன் ஒரு மணி நேரத்தை இக்குழுக்களுக்கென ஒதுக்கி ஓர் ஆணை, நிழல், குடிநீர், சுத்தமான கழிப்பறை ஆகியவை அங்கு உள்ளனவா என்று நேரில் ஒரு பார்வை, ஒரு சிறப்பாசிரியரின் பணி நேரத்தில் அந்த ஒரு மணியைச் சேர்த்து ஒரு குறிப்பு. கழிப்பறையைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. அதன் துர்நாற்றத்தாலேயே மறுமுறை வர மறுக்கும் குழந்தைகள் உண்டு. பெண் குழந்தைகளின் தாய்மார் அது இல்லாத இடத்துக்கு அழைத்தே வரமாட்டார்கள்.

தாய்மாரைப் பற்றிப் பேசும்போது மற்றொரு பயனையும் குறிப்பிடலாம். இக்குழந்தைகளின் பராமரிப்புப் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் போகாமல் ஒதுங்கிப்போனவர்கள் பலர். குழந்தை பாத்தியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், பூங்காவின் மறுகோடியில் நான்கு தாய்மார் ஒரு பெஞ்சில் அமர்ந்து, விளக்கம் எதுவும் சொல்லவேண்டிய தேவையின்றிப் பேசிக்கொள்ள முடிகிறது. கூடப்பிறந்த குழந்தைகளும் அழைக்கப்பட வேண்டும். ‘அண்ணனால் எங்கும் போக முடியவில்லை’ என்ற குறை மனத்தில் தங்கிய தங்கைக்கு, அண்ணனால் போக முடிந்த ஓர் இடம் வேண்டும்.

மதிப்பீட்டின் முறையையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. வந்தோர் எண்ணிக்கையும் நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையும் கோப்புக்குப் போதுமானவையாகத் தோன்றும். அவை குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லா. அன்றிரவு எப்போது உறங்கியது, மறுவாரம் கிளம்பும்போது தானே செருப்பை எடுத்ததா, மரத்தடிப் பாயில் இருந்த நேரம் குறைந்ததா, எந்தக் குழந்தையின் பெயரையேனும் வீட்டில் சொன்னதா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துவைத்தால் ஆறு மாதத்தில் ஒரு தெளிவு கிடைக்கும். பயன் தெரியாத குழந்தைக்கு வேறு பணியைத் தேடலாம். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2-இல் கட்டடங்களுக்கு நீலவிளக்கு ஏற்றுவதும், மரக்கன்றோடு குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்து வெளியிடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. படத்துக்கு நிற்பது பல குழந்தைகளுக்குத் துன்பம். பெற்றோரின் இசைவின்றி அதை வெளியிடுவது தவறும்கூட. மேலும், அந்த மரக்கன்றுக்கு மே மாதத்தில் நீர் ஊற்றுபவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இறுதியாக, 18 வயதைக் கடந்தவர்களின் நிலை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் உரிய அளவு குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதன்பின் பள்ளி முடிகிறது; வாரந்தோறும் சென்றுவந்த தோட்டமும் அதோடு முடிந்துபோகிறது. பழகிய வழியும் பழகிய நேரமும் திடீரென்று இல்லாமற்போவது இவர்களுக்குப் பெருந்துயர். நாற்றங்காலில் பை நிரப்புதல், விதை பிரித்தல், பதியம் போடுதல் ஆகியவற்றில் சிலர் பல ஆண்டுகளில் நல்ல தேர்ச்சி பெற்றிருப்பர். வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் நடத்தும் நாற்றங்கால்கள் மாவட்டந்தோறும் உள்ளன. அங்கு உரிய கூலியோடு அரைநாள் வேலை தர இயலுமா என்பதைத் துறைகள் ஆராயலாம். வேலை செய்ய இயலாதவர்களுக்கும் அந்தப் பழைய பாத்தியும், அதே கிழமையும், அதே மரத்தடியும் தொடர்ந்து கிடைக்க வேண்டும். பள்ளியின் வாயிற்கதவை வாரத்தில் ஒரு காலை முன்னாள் மாணவர்க்கும் திறந்துவைக்கத் தலைமையாசிரியரின் ஓர் ஒப்புதலே தேவை.